கசக்காத இலை

முதல் தாள்

ஹார்பின்,
மே 20, திங்கள்

அன்புள்ள அண்ணன் யூஹாங்குக்கு,

இங்கே நாங்கள் மூவரும் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். உன் உடம்பும் படிப்பும் நல்லபடியாக இருக்கும் என்று நம்புகிறோம். அப்பாவுக்கு வெப்பக்குழாய் பழுதுபார்க்கும் வேலை இந்த மாதம் குறைவு. அம்மாவுக்குப் பள்ளிச் சமையலறையில் வேலை அதிகம், அதனால்தான் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசியில் குரல் அடைத்திருக்கிறது. வேறொன்றும் இல்லை. லைலாக் பூத்துவிட்டது. நேற்று அம்மாவும் நானும் நடுத்தெருக் கடைவீதிக்குப் போய்வந்தோம். கல்லூரி நுழைவுப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருக்கிறது. வீட்டு நினைப்பை ஒதுக்கிவைத்துவிட்டுப் படி. தினமும் பால் குடி.

இப்படிக்கு,
உன் கல்வியில் அக்கறையுள்ள தங்கை
யூநிங்

இரண்டாம் தாள்

மே 21, செவ்வாய்

அண்ணா,

முதல் தாளைப் படித்தாயா? ‘உன் கல்வியில் அக்கறையுள்ள தங்கை’ என்று பார்த்ததுமே உனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் எழுதியது அது. உறையை ஒட்டித் தபாலில் போடும் வேலையை என்னை நம்பிக் கொடுத்தார். பதினைந்து வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் மனிதருக்கு இன்னும் என்னைத் தெரியவில்லை. அந்தத் தாளில் லைலாக் பூத்ததும் நடுத்தெருவுக்குப் போனதும்தான் நிஜம். மீதியை மடித்துக் கப்பல் செய்துகொள்.

இதை இயற்பியல் வகுப்பில், கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். தலையைத் தூக்காமல் எழுதுவதைப் பார்த்து, ஈர்ப்பு விசையை இவ்வளவு ஈர்ப்போடு படிக்கிறாளே என்று வாத்தியார் பூரித்துப்போயிருக்கிறார்.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு ரொம்ப முடியவில்லை. நீ வர வேண்டும். பரீட்சை முடிந்து இல்லை. இந்தச் சனிக்கிழமை.

நீ நம்ப மாட்டாய், தெரியும். அம்மா பனியில் வழுக்கி இடுப்பை உடைத்துக்கொண்டாள் என்று டிசம்பரில் நான் எழுதினேன். நீ வார்டனிடம்கூடச் சொல்லாமல் ஜியாமுசியிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து, தோளெல்லாம் பனியோடு வந்து கதவைத் தள்ளினாய். இடுப்பு உடைந்தவள் அடுப்படியில் நின்று கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தாள். அன்று நீ நாற்பது கொழுக்கட்டை தின்றாய், நான் எண்ணினேன். திரும்பிப் போனதும் உன்னை மூன்று நாள் வராந்தாவில் நிற்க வைத்தார்களாம். ‘இனிமேல் சூரியன் கிழக்கே உதித்தது என்று நீ எழுதினாலும் ஜன்னலைத் திறந்து பார்த்த பிறகுதான் நம்புவேன்’ என்று ஒரே வரியில் கடிதம் போட்டாய். அதைப் பதக்கம் மாதிரி என் கட்டிலுக்கு மேலே ஒட்டிவைத்திருந்தேன். நேற்றுதான் கிழித்தேன்.

அதனால் இந்தத் தடவை எதையும் ஊதிப் பெரிதாக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். நீ ஜன்னலைத் திறந்து பார்த்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நடுத்தெருவுக்குப் போகலாம் கிளம்பு என்றாள் அம்மா. நம் வீட்டார் நடுத்தெருவில் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். மேல்முனையில் ஆரம்பித்து ஆற்றங்கரை வரை நடப்போம். ஆளுக்கொரு குச்சி ஐஸ். ஆற்றை ஒரு பார்வை. அதே கற்களை மிதித்துத் திரும்பி வருவோம். கடைக்குள் நுழைவது குளிரில் மரத்த காலைச் சூடேற்றிக்கொள்ள மட்டும்தான். அன்றைக்கு அம்மா வேறெங்கும் பார்க்காமல் ஒரு துணிக்கடைக்குள் போனாள். பரீட்சை வாசலில் போட்டுக்கொண்டு நிற்க நீளச் சிவப்பு அங்கி, சீப்பாவ் ஒன்று வேண்டும் என்றாள்.

போன வருஷத்தை நீ மறந்திருக்க மாட்டாய். மற்ற அம்மாக்கள் கழுத்து வரை பித்தான் போட்ட சிவப்பு சீப்பாவில் வாசலில் வரிசை கட்டி நின்றார்கள், பிள்ளை வெற்றியோடு திரும்ப வேண்டும் என்று. நம் அம்மா பள்ளிச் சமையலறையிலிருந்து ஓடிவந்த வேகத்தில் வெள்ளை ஏப்ரனோடு நின்றாள். கையில் கரண்டி ஒன்றுதான் பாக்கி. நீ கணக்கில் கோட்டை விட்டாய். உன் கணக்குக்கும் அவள் ஏப்ரனுக்கும் என்ன சம்பந்தம் என்று நாம் இரண்டு பேரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. வெள்ளையில் போய் நின்றேனே என்று வருஷம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். சாவு வீட்டு நிறத்தில் போய்ப் பிள்ளையை வழியனுப்பினேனே என்பாள். நீ இந்த ஒரு வருஷம் ஜியாமுசி விடுதியில் அடைபட்டு மறுபடி படிப்பதற்குத் தான்தான் காரணம் என்று இன்னமும் நினைக்கிறாள்.

கடைக்காரி வாயாடி. அம்மாவின் இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டுவிட்டு, “அக்கா, இந்த இடுப்புக்காக நான் நாப்பது வருஷமாத் தவம் கெடக்கேன். நீங்க எப்படிக் கொறச்சீங்க?” என்றாள்.

“பள்ளிக்கூடச் சமையல ஒரு மாசம் சாப்பிடு. தன்னால கொறையும்” என்றாள் அம்மா.

கடையே சிரித்தது. நான்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தேன். அம்மா ஒரு சீப்பாவைத் தேர்ந்தெடுத்து, குனிந்து நிமிர அலுப்பாக இருக்கிறது, நீயே போட்டுக் காட்டு என்று என்னிடம் தந்தாள். போட்டேன். புத்தாண்டுக்குச் சிவப்புத் தாள் ஒட்டிய கதவு மாதிரி இருந்தேன். கடைக்காரி என் முதுகில் குண்டூசி குத்திக் குத்திப் பிடித்து, கீழ்க்கரையை என் கணுக்காலுக்கு அளவெடுத்து மடித்தாள். அம்மா என்னைவிட அரைத்தலை உயரம். உனக்கு இது ஏறிக்கொண்டு போய் முழங்கால் தெரியுமே என்றேன். தெரிந்தால் தெரியட்டும், என் முழங்காலுக்கு என்ன குறை என்றாள். வெங்காயத்தாளுக்கே பேரம் பேசுகிறவள், அங்கே பேரமே பேசவில்லை. எனக்கு அப்போதும் உறைக்கவில்லை, அண்ணா. பிறரை ஏமாற்றுவதிலேயே மூளையைச் செலவழிக்கிறவளுக்குத் தன்னை ஒருத்தர் ஏமாற்றுவது கடைசியில்தான் தெரியும்போல.

வெளியே வந்ததும் எனக்கு மட்டும் குச்சி ஐஸ் வாங்கினாள். தனக்குப் பல் கூச்சம் என்றாள். கையில் கம்பளிக் கையுறை. மே மாதத்தில். ஆறு உருகி ஒரு மாதம் ஆகிவிட்டது, உனக்கு யாரும் தகவல் சொல்லவில்லையா என்று கேலி செய்தேன். தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. மாடி முகப்பில் ஒருவர் வயலின் வாசித்துக்கொண்டிருந்தார். நாலு விளக்குக் கம்பத்துக்கு ஒரு தடவை நின்று அவரைத் திரும்பிப் பார்த்தாள் அம்மா. பாட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். மூச்சு வாங்கியிருக்கிறாள்.

வழியில் தலையணை மாதிரி ரொட்டி ஒன்றும் சிவப்புச் சாசேஜும் வாங்கிக்கொண்டு ஆற்றங்கரைப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். பெஞ்சுக்குப் பின்னால் லைலாக் செடி, பூத்துத் தள்ளியிருந்தது. அதைப் பார்த்ததும் என் கை அரித்தது. அப்புறம் என்ன செய்திருப்பேன் என்று உனக்கே தெரியும். வெளியூர்க்காரனைப் பிடித்து, முதல் காதலின் ருசி தெரிய வேண்டுமா, இந்த இலையைக் கடி என்று நீ அனுப்பிவைப்பாயே, அதே இலை. ஒன்றைக் கிள்ளி, ரொட்டித் துண்டுக்கும் சாசேஜுக்கும் நடுவில் மடித்து வைத்து அம்மாவிடம் நீட்டினேன். போன வருஷமும் அதற்கு முந்தின வருஷமும் இதையேதான் செய்தேன். இரண்டு தடவையும் முதல் கடியிலேயே காறித் துப்பிவிட்டு, செருப்பைக் கழற்றிக்கொண்டு என்னைத் துரத்தினாள். அந்த ஓட்டத்தைப் படம்பிடிக்கலாம் என்று இந்தத் தடவை கைபேசியைத் தயாராகப் பிடித்திருந்தேன்.

அம்மா கடித்தாள். மென்றாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டே இன்னும் மென்றாள். விழுங்கினாள்.

“ரொட்டி நல்லாருக்குடி. இன்னிக்குச் சுட்டது போல” என்றாள்.

இந்தச் செடி அம்மாவின் நாக்குக்குப் பயந்து கசப்பை விட்டுவிட்டதா என்று இன்னொரு இலையைக் கிள்ளி நானே கடித்தேன். காது மடல் வரைக்கும் கசந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அம்மா அடுத்த வாய் கடித்துக்கொண்டிருந்தாள். அதிலும் இலை இருந்தது.

“ம்மா, கசக்கலையா?” என்றேன்.

மெல்வதை நிறுத்தினாள். என் கையிலிருந்த காம்பைப் பார்த்தாள், கைபேசியைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான், அண்ணா, அப்புறம்தான் முகத்தைச் சுளித்து, தூ தூ என்று துப்பி, “கசக்குது, சனியனே! நில்லுடி, கழுதை” என்று குனிந்து செருப்பைத் தேடினாள்.

நான் ஓடினேன். ஓடத்தானே வேண்டும். மூன்றாவது விளக்குக் கம்பம் வரை ஓடித் திரும்பிப் பார்த்தேன். எழுந்து நின்றவள் இரண்டு அடி வைத்திருந்தாள், அவ்வளவுதான். கையுறை போட்ட கையில் செருப்பைப் பிடித்தபடி, பெஞ்சின் முதுகைப் பற்றிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள். ஊரே ஐஸ் தின்றுகொண்டு போன அந்த நடுத்தெருவில், நடுத்தெருவில் நிற்பது என்றால் என்ன என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் படம் என் கைபேசியில் இருக்கிறது. ஒரு நிமிஷம் பதினாறு விநாடி. நான் இன்னும் திரும்பப் போட்டுப் பார்க்கவில்லை.

சாயங்காலம் அப்பாவைச் சமையலறையில் மடக்கினேன். அவர் முதலில் குழாயை முழுசாகத் திறந்துவிட்டார், அம்மாவுக்குக் கேட்காமல் இருக்க. அப்புறம் சொன்னார். போன அக்டோபரில் தெரிந்ததாம். குடலில் ஆரம்பித்துக் கல்லீரலுக்குப் போய்விட்டது. அதற்கு ஏற்றிய மருந்தால் குளிர்ந்ததைத் தொட்டால் விரலில் ஊசி குத்துமாம், நாக்கில் ருசியும் போய்விடுமாம். மார்ச்சிலிருந்து அம்மா வேலைக்கே போகவில்லை. சமையலறைக்கு என்று காலையில் கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். இந்த மாதம் டாக்டர் மருந்தையும் நிறுத்திவிட்டார். பிடித்ததைச் சாப்பிடச் சொல்லுங்கள், இனி மாதக் கணக்கு இல்லை, வாரக் கணக்கு என்றாராம். இதைச் சொல்லும்போது அப்பா, ஏற்கெனவே கழுவிய தட்டையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

நீயும் பார்த்திருக்கிறாய், அண்ணா. புத்தாண்டுக்கு வந்த நாலு நாளும் பால்கனியிலிருந்து உறைந்த பேரிக்காய் எடுத்துவர உன்னைத்தானே அனுப்பினாள்? அதற்கு முன் யாரையாவது அந்தப் பெட்டியைத் தொட விட்டிருக்கிறாளா? நானும் பார்த்தேன். மார்ச்சிலிருந்து வீட்டில் எல்லாம் ஒரே உப்பு. வாசனையிலேயே உப்புக் கண்டுபிடிக்கிறவள் சமைத்தது. நான் ஒரு நாள் சூப்பில் காகிதக் கப்பல் மிதக்கவிட்டு, கடல் கடல் என்று கத்தினேன். அப்பா இரண்டாவது கிண்ணம் வாங்கிக் குடித்தார். இப்போது அந்தக் கிண்ணத்தைப் பார்த்தாலே எனக்கு ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது.

ஜூன் ஒன்பதாம் தேதி, நீ கடைசிப் பரீட்சையை முடித்து வெளியே வந்த பிறகு உன்னிடம் சொல்வதாக ஏற்பாடு. ஏற்பாடு அம்மாவுடையது. அப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நேற்று மதியம் உன் பள்ளிக்குத் தொலைபேசி செய்தேன். உன் வகுப்பு வாத்தியார் ஹாவ்தான் எடுத்தார். அவருக்கு மார்ச்சிலேயே தெரியுமாம். இன்னும் மூணு வாரம் பொறுத்துக்கொள், ஒரு வருஷ உழைப்பை ஒரு நிமிஷத்தில் கெடுக்காதே, உன் அம்மாவே கேட்டுக்கொண்டது இது என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் உன்னைக் கூப்பிடவில்லை.

இன்று காலையில் நான் பள்ளிக்குக் கிளம்பும்போது அம்மா படுக்கையிலிருந்தே கூப்பிட்டாள். சீப்பாவை ஒரு தடவை போட்டுக் காட்டு என்றாள். போட்டேன். திரும்பச் சொன்னாள், திரும்பினேன். கையைத் தொங்கவிடாதே, முன்னால் கோத்துக்கொள், அவன் வாசலைத் தாண்டுகிற வரை சிரித்துக்கொண்டே நில் என்றாள். அப்போதுதான் அந்தக் கீழ்க்கரை ஏன் என் கணுக்காலுக்கு மடிக்கப்பட்டது என்று எனக்குப் புரிந்தது. அது அவளுக்கு வாங்கியதே இல்லை.

“நான் எங்கன்னு கேப்பான். காலு சுளுக்கிடுச்சுன்னு சொல்லு” என்றாள். “நீ சொன்னா எடுபடும். இந்த வீட்டுல நல்லாப் பொய் சொல்றது நீ ஒருத்திதான்.”

இவ்வளவு காலமும் அதற்காகத்தான் என்னை அடித்தாள். முதல் தடவையாகப் பாராட்டினாள். நான் குரங்கு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சல்யூட் அடித்துவிட்டு, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

அண்ணா, தாத்தா செத்தபோது உனக்கு உயர்பள்ளி நுழைவுப் பரீட்சை. பதினொரு நாள் உன்னிடம் சொல்லாமல் மறைத்தார்கள். நீ மதிப்பெண் தாளோடு அவர் அறைக்குள் ஓடினாய், மெத்தைகூடச் சுருட்டப்பட்டிருந்தது. அந்தக் கோடை முழுவதும் அப்பாவோடு நீ பேசவில்லை. அப்போது என்னைப் படிக்கட்டில் உட்காரவைத்து, இனிமேல் இந்த வீட்டில் என்ன நடந்தாலும், யார் தடுத்தாலும், நீ எனக்குச் சொல்லிவிட வேண்டும் என்று சுண்டு விரலைக் கோத்து வாக்கு வாங்கினாய். அப்போது எனக்குப் பதினொரு வயது. நான் கொடுத்த வாக்குகளில் இது ஒன்றுதான் இன்னும் உடையாமல் பாக்கி இருக்கிறது.

அம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நீ வந்தால் பரீட்சை கெட்டுப்போகலாம். மூன்றாவது தடவையும் அதே பரீட்சைக்கு நீ உட்கார வேண்டி வரலாம். அதற்கு என்னைத் திட்டு, உதை, ஆயுசுக்கும் பேசாதே. பரீட்சை அடுத்த வருஷமும் வரும். எனக்காவது ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தெருவும் கிடைத்தது. உனக்கு வாரத்துக்கு ஐந்து நிமிஷத் தொலைபேசிதான். அந்த ஐந்து நிமிஷத்துக்காக அவள் அரை மணி முன்னாலேயே தேன் கலந்த வெந்நீர் குடித்து, தலையணை மூன்றை முதுகுக்கு அண்டக் கொடுத்து நிமிர்ந்து உட்காருகிறாள். படுத்தபடி பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடுமாம். நீ வைத்த பிறகும் அவள் வைக்க மாட்டாள். வெறும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

இன்னும் நம்பிக்கை வரவில்லை என்றால் ஹாவ் வாத்தியாரிடம் போய், முகத்தைப் பார்த்து, என் அம்மா எப்படியிருக்கிறாள் என்று கேள். சட்டென்று பதில் வந்தால் நான் பொய். ஒரு மூச்சு தாமதித்து வந்தால் நிஜம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்கு அந்த ஒரு மூச்சு நன்றாக அடையாளம் தெரிகிறது. உறைக்குள் ஒரு இலையும் வைத்திருக்கிறேன், அதே செடியுடையது. காய்ந்திருந்தாலும் கசப்பு போயிருக்காது. கடித்துப் பார். அதைத்தான் அவள் நல்ல ரொட்டி என்றாள்.

சனிக்கிழமை முதல் ரயில். டிசம்பரில் வந்தாயே, அதே ரயில். ஸ்டேஷன் வாசலில் அந்தச் சிவப்பு சீப்பாவைப் போட்டுக்கொண்டு நிற்பேன். பரீட்சை வாசலில் அவளுக்குப் பதிலாக நிற்க என்னால் முடியாது, அண்ணா. இங்கே நிற்கிறேன். எப்போதும் காற்சட்டையிலேயே திரியும் உன் தங்கை ஊர் சிரிக்க அந்த உடுப்பில் நிற்பாள், கையை முன்னால் கோத்துக்கொண்டு. அதற்கு மேலும் உனக்கு நான் என்ன சாட்சி காட்ட?

வரும்போது ரயிலிலேயே முகத்தைக் கழுவிக்கொள். உன் பள்ளியில் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது, இரண்டு நாள் லீவு என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அவள் நம்ப மாட்டாள், நம்பினது மாதிரி இருப்பாள். பொய்யெல்லாம் என் பொறுப்பு. நீ சிரித்தால் போதும்.

உன்னைப் பார்த்ததும் எழுந்து மாவு பிசைவேன் என்று அடம்பிடிப்பாள். பிசையட்டும், தடுக்காதே. புளித்த கோசும் பன்றிக்கறியும் வாங்கிவைக்க அப்பாவிடம் சொல்லிவிடுகிறேன், ஏன் என்று சொல்லாமல். கொழுக்கட்டை வாயில் வைக்க முடியாத உப்பாக இருக்கும், அண்ணா. நாற்பதும் சாப்பிடு. அவள் முகத்தைப் பார்த்துச் சாப்பிடு. நடுவில் தண்ணீர் மட்டும் கேட்டுவிடாதே.

உன் பேனா பரீட்சையிலும் உன் கால் நம் வாசலிலும் தடுமாறாமல் இருக்கட்டும்.

வாக்குக் கொடுத்தவள்,
யூநிங்